'கோயிங் ஹோம்' த்வோராக் எடுத்தாண்ட மெட்டா?

செக் நாட்டு இசையமைப்பாளர் த்வோராக்கின் 'நியூ வேர்ல்ட்' சிம்பொனியின் இரண்டாம் பகுதியில் வரும் மெட்டு, 'கோயிங் ஹோம்' என்ற பழைய கறுப்பின ஆன்மீகப் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், நடந்தது நேர் தலைகீழ். மெட்டு த்வோராக்குடையது, பாட்டுதான் பிறகு வந்தது.

சிம்பொனி 1893 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அரங்கேறியது. அந்த மெட்டுக்கு 'கோயிங் ஹோம்' என்று வரிகள் எழுதி 1922-இல் வெளியிட்டவர், த்வோராக்கிடம் படித்த வில்லியம் ஆர்ம்ஸ் ஃபிஷர்.

குழப்பம் வருவதும் நியாயம்தான். அமெரிக்காவுக்கென ஓர் இசை உருவாக வேண்டுமானால் கறுப்பின மக்களின் பாடல்களிலிருந்து தொடங்குங்கள் என்று பகிரங்கமாகச் சொன்னவர் த்வோராக். அவர் இயக்குநராக இருந்த இசைப்பள்ளியின் மாணவர் ஹாரி பர்லீ அவருக்கு அப்பாடல்களைப் பாடிக் காட்டியதும் உண்மை. அந்தச் சாயல் மெட்டில் இருக்கலாம், அது வேறு பேச்சு.

சரிபார்க்க எளிய வழி: ஃபிஷரின் 1922 இசைத்தாளைத் தேடிப் பாருங்கள், மெட்டு த்வோராக்குடையது என்று அதிலேயே இருக்கும். அப்புறம், 1867-இல் அச்சான 'ஸ்லேவ் சாங்ஸ் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற கறுப்பின அடிமைகளின் பாடல் தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் புரட்டினால் இந்தப் பாட்டு இல்லை. சிம்பொனியின் முழு இசைக்குறிப்பும் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இணைய இசைக்குறிப்பு நூலகத்தில் இருக்கிறது. இரண்டாம் பகுதியைத் திறந்தால், தொடக்கப் பித்தளைக் கருவிகள் ஓய்ந்ததும் இங்கிலீஷ் ஹார்ன் (ஓபோ வகைக் குழல் கருவி) வரியில் அதே மெட்டைப் பார்க்கலாம்.