திரித்துவம் என்றால் மூன்று கடவுள்களா?

"கிறிஸ்தவர்கள் கும்பிடுவது மூன்று கடவுள்களை, 325இல் நிசேயா நகரில் ஆயர்கள் கூடிய சங்கத்தில் உரோமை மன்னன் கொன்ஸ்தந்தீன் உருவாக்கிய கொள்கை அது" என்று யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராக இருக்கும் கடவுள் ஒருவரே என்பதுதான் திரித்துவம்.

மத்தேயு 28:19 பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவரைச் சொன்னாலும் 'நாமத்திலே' என ஒருமையில்தான் முடிகிறது. கிரேக்க மூலத்திலும் ஒருமையே. திரித்துவத்தைக் குறிக்கும் 'திரினித்தாஸ்' என்ற லத்தீன் சொல்லை, நிசேயாவுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்பே தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதிவிட்டார். சரி, நிசேயாவில் என்ன நடந்தது? குமாரன் படைக்கப்பட்டவர் என்று ஆரியுஸ் என்ற குரு பரப்பிய போதனையைச் சங்கம் மறுத்தது.

குருநகர்க் கோயிலில் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது பாருங்கள்: தண்ணீர் மூன்று முறை, திருமுழுக்கு ஒன்று. அந்த ஒரே கடவுளுக்குள்ளேயே அன்பின் உறவு இருக்கிறது என்பதே எங்கள் விசுவாசம்.