செல்ஃபி கேட்காதீர்கள், முதலில் அந்தச் சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை போடுங்கள்

நேற்றுக் காலை மின்சார ரயிலில் நின்றுகொண்டே போனைத் திறந்தால் எங்கள் கல்லூரியிலிருந்து சுற்றறிக்கை. இனி மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஆசிரியர், அலுவலர், மாணவர் எல்லாரும் பஸ்ஸிலோ ரயிலிலோ சைக்கிளிலோதான் வர வேண்டுமாம். அப்படி வந்ததற்கு அத்தாட்சியாக செல்ஃபி எடுத்து கூகுள் படிவத்தில் ஏற்ற வேண்டுமாம். படித்ததும் வயிறு எரிந்தது. 11 வருஷமாக நான் இதே ரயிலில்தான் வருகிறேன். ஒரு நாளாவது யாராவது கூப்பிட்டு, "எப்படிம்மா வர்றீங்க, வழியில என்ன கஷ்டம்?" என்று கேட்டதுண்டா?

அந்த வழியைச் சொல்கிறேன். தாம்பரம் தாண்டி எங்கள் ஸ்டேஷனில் இறங்கி, மேம்பாலம் ஏறி இறங்கினால் ஜி.எஸ்.டி. சாலை, அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகிற நெடுஞ்சாலை. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஆட்டோ கல்லூரி கேட்டோடு சரி, உள்ளே விடமாட்டார்கள். கேட்டிலிருந்து எங்கள் துறை ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும். நடைபாதை என்று ஒன்று கிடையாது. கார் போகிற தார் ரோட்டின் ஓரத்தில் நடக்க வேண்டும், பின்னால் ஹாரன் அடித்தால் முள்ளுக்குள் ஒதுங்கி நிற்க வேண்டும். முன்பெல்லாம் அந்த ரோடு நெடுக இரண்டு பக்கமும் புங்க மரங்கள். கார் நிறுத்த இடம் போதவில்லை என்று மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பக்கத்தை மொத்தமாக வெட்டிவிட்டார்கள். காலை வெயில் விழுகிற பக்கம் பார்த்து வெட்டியிருக்கிறார்கள்.

வியர்வையில் சேலை முதுகோடு ஒட்டிக்கொள்ள, மூச்சு வாங்க வந்து விரலை வைத்தால் வருகைப்பதிவு மிஷின் 8.52 காட்டும். 8.50 தாண்டினால் தாமதம். மூன்று தாமதத்துக்கு அரை நாள் விடுப்பு போய்விடும். ரயில் சிக்னலில் நின்றதற்கு நான் என்ன செய்வேன்? காரில் வருகிறவர் ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்பினால் போதும். நான் முந்தின ரயிலைப் பிடிக்க இருபது நிமிஷம் முன்னால் கிளம்ப வேண்டும், அதற்குள் பிள்ளைக்கு டிபன் கட்ட வேண்டும்.

என் கஷ்டமாவது பழகிப்போன கஷ்டம். என்னிடம் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு பெண்ணின் கதைதான் மனசை அறுக்கிறது. வீடு 6 கிலோமீட்டர் தள்ளி. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளிலேயே கல்லூரிக்கும் வந்துகொண்டிருந்தாள். எங்கள் சைக்கிள் ஸ்டாண்ட் எங்கே இருக்கிறது தெரியுமா? கேன்டீனுக்குப் பின்னால், எச்சில் தண்ணீர் ஓடுகிற இடத்தில். கூரை இல்லை. பாதி இடத்தில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வெயிலில் அவள் சைக்கிள் சீட் வெடித்துப்போனது. ஒரு நாள் எவனோ பின் சக்கரத்து வால்வைப் பிடுங்கிப் போய்விட்டான். பக்கத்தில் பஞ்சர் கடை கிடையாது. ரெகார்ட் நோட்டையும் பையையும் கேரியரில் கட்டிக்கொண்டு 6 கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டே போயிருக்கிறாள். மறுநாள் லேபில் அவள் உள்ளங்கையைப் பார்த்தேன், கைப்பிடி அழுத்திச் சிவந்து கன்றிப்போயிருந்தது. அந்த மாதமே அவள் அப்பா தவணையில் ஸ்கூட்டி எடுத்துக் கொடுத்துவிட்டார். ஸ்கூட்டிக்குத் தகர ஷெட் இருக்கிறது, கேமரா இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார்.

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம் வேண்டும். அதே இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். எங்களுக்கு ஒரே ஒரு கார் இடம் போதும், கேன்டீன் பின்பக்கத்தை விட்டு வெளியே வந்துவிடுவோம்.

இந்தத் திடீர் அக்கறைக்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். கல்லூரிகளை ஆய்வு செய்து தர மதிப்பீடு கொடுக்கிற நாக் (NAAC) குழு வரப்போகிறது. போன முறை அதற்கு அறிக்கை தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி. ஏழாவது அளவுகோலில் பசுமை வளாகம் பற்றிக் கேட்டிருந்தார்கள்: மோட்டார் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டா, சைக்கிளோ பேட்டரி வண்டியோ ஓடுகிறதா, நடப்பவர்களுக்குப் பாதை இருக்கிறதா. நியாயமான கேள்விகள். பதிலாகப் படங்களை ஒட்டி அனுப்பினோம். இப்போதும் அதேதான். போன செப்டம்பர் 22, கார் இல்லா நாள் என்று வாடகைச் சைக்கிள் கொண்டுவந்து கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை மிதித்துப் போட்டோ எடுத்தார்கள். 11 மணிக்குள் சைக்கிள்கள் டெம்போவில் ஏறிவிட்டன.

பையன்கள் பந்தாவுக்காக பைக் வாங்குகிறார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் பேசும்போது எனக்குக் கோபம் வரும். காலேஜ் பஸ் 4.10க்குக் கிளம்பிவிடும். நூலகமோ இரவு 8 மணி வரை. புராஜெக்டுக்காக ஆறு மணி வரை லேபில் நிற்கச் சொல்வதும் நாம்தான். அந்தப் பையன் எப்படி வீடு போய்ச் சேருவான்? அதனால்தான் இறுதியாண்டு வருவதற்குள் பஸ் கட்டணத்தை நிறுத்திவிட்டு பைக்குக்கு மாறுகிறார்கள். ராத்திரி நேரம், ஜி.எஸ்.டி. சாலையில், லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் நடுவே அந்த 19 வயசுப் பிள்ளை போவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம். மின்சார ரயிலில் 5 ரூபாயிலிருந்து டிக்கெட், மாணவர்களுக்கு சீசன் டிக்கெட்டில் சலுகை வேறு. அந்தச் சலுகைப் படிவத்தில் கையெழுத்து வாங்க எங்கள் அலுவலகத்தில் மூன்று நாள் அலைய வேண்டும் என்பது தனி வேதனை. இவ்வளவு மலிவாகக் கேட் வரை வந்து சேர்ந்த பிள்ளையை அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரில் வதைப்பது நாம்தானே? கிண்டி ஐ.ஐ.டி. வளாகத்தில் பிள்ளைகள் சைக்கிளில்தான் வகுப்புக்குப் போகிறார்கள். உள்ளே பஸ்ஸும் ஓடுகிறது. அங்கே அடிப்பதும் இதே சென்னை வெயில்தான். ஆனால் தலைக்கு மேல் மரம் இருக்கிறது.

காலையில் ஒரு மணி நேரம் கேட்டுக்கும் துறைகளுக்கும் நடுவே இரண்டு பேட்டரி வண்டி ஓட்டுங்கள். சாயங்காலம் 6.30க்கு ஒரு பஸ் விடுங்கள். ரயில் தாமதமானால் பத்து நிமிஷம் பொறுங்கள். வெட்டின இடத்தில் திரும்பப் புங்கன் வையுங்கள். போன ஜூனிலேயே 40 பேர் கையெழுத்துப் போட்டு இதையெல்லாம் எழுதிக் கொடுத்தோம். "பார்க்கலாம்" என்றார்கள். அப்புறம் பேச்சே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண்ணும் செல்ஃபி அனுப்பியாக வேண்டும். அவள் ஸ்கூட்டிக்கு இன்னும் 14 மாசத் தவணை பாக்கி இருக்கிறது.