காதில் செருகிய பேனா

சீன ஓவியர் லுவோ ஜோங்லி 1980இல் வரைந்த ‘தந்தை’ என்னும் எண்ணெய் வண்ண ஓவியத்தை நான் அச்சுப் பிரதிகளிலும் திரையிலும் மட்டுமே பார்த்திருக்கிறேன். பெய்ஜிங்கில், சீன தேசியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் மூல ஓவியம் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலமும் கொண்டது. அத்தனை பரப்பையும் ஒரே ஒரு கிழவர் நிறைத்திருக்கிறார். தலையில் வெள்ளைத் துணிக்கட்டு, வெயிலில் கருத்துச் சுருங்கிய தோல், வியர்வைத் துளிகள், சற்றே திறந்த வாய்க்குள் தனித்து நிற்கும் பல், துணி சுற்றிய விரல், கையில் ஒரு கிண்ணம், முதுகுக்குப் பின்னால் தானியக் களத்தின் மஞ்சள். இவ்வளவையும் பார்த்து முடித்த பிறகுதான் காதில் செருகியிருக்கும் பால்பாயிண்ட் பேனா கண்ணில் படும்.

அந்தப் பேனா ஓவியர் தாமாக நினைத்துச் சேர்த்ததன்று. இவர் பழைய சமூகத்து விவசாயி அல்லர், புதிய சீனத்தின் விவசாயி என்று காட்ட ஏதேனும் ஓர் அடையாளம் வேண்டும் என்று சிச்சுவான் மாகாணக் கலையுலகின் மூத்தவரான லி ஷாவ்யான் யோசனை சொன்னார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதற்குச் சான்றாகப் பேனா ஏறியது. தச்சர் காதில் பென்சில் இருந்தால் அதற்கு ஒரு வேலை உண்டு. இந்தக் கிழவர் காதில் உள்ள பேனாவுக்கு அவர் வாழ்வில் எந்த வேலையும் இருந்ததாகத் தெரியவில்லை. ஓவியத்தில் அது ஒரு கறை என்றே நானும் வெகுகாலம் எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. மற்ற எல்லாம் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கின்றன. அந்த முகம் கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைய 1980இல் என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதைப் பேனா சொல்கிறது. யதார்த்த ஓவியம் என்று பேசும்போது இந்த யதார்த்தத்தையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கட்சி.

ஓவியம் முளைத்த இடம் ஒரு பொதுக் கழிப்பறை. 1975ஆம் ஆண்டு, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவில், பனிமழைக் குளிரில், சோங்சிங்கில் தம் வீட்டருகே இருந்த கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி அசையாமல் காத்திருப்பதை லுவோ கண்டார். மனித மலம் வயலுக்கு விலைமதிப்புள்ள எரு. வேறு ஊரார் அள்ளிச் சென்றுவிடாமல் இருக்க அந்த மனிதர் எருக்காவல் இருந்தார். நாடே குடும்பத்தோடு கூடி உண்ணும் இரவு அது. அந்தக் காவலாளியையே வரைய எண்ணித் தொடங்கிய முயற்சி பல வடிவங்கள் மாறி, லுவோ பத்தாண்டுகள் வாழ்ந்து பழகிய தாபா மலைப் பகுதி விவசாயி ஒருவரின் முகத்தில் வந்து நின்றது. அமெரிக்க ஓவியர் சக் குளோஸின் பேருருவ முகங்களைப் பற்றி இதழ் ஒன்றில் படித்ததிலிருந்து அளவும் நுணுக்கமும் பிறந்தன. அந்த அளவில் ஒரே ஒருவரின் முகத்தைத்தான் சீனர்கள் அதுவரை பார்த்துப் பழகியிருந்தார்கள், அவர் மாவோ. ‘என் தந்தை’ என்றிருந்த தலைப்பிலிருந்து ‘என்’ என்பதை நீக்கச் சொன்னவர் ஓவியர் வூ குவான்சோங். பேனாவைப் போலவே இதுவும் பிறர் சொல்லி நடந்த திருத்தம்தான். ஆனால் எத்தனை நல்ல திருத்தம்!

இதற்கு முந்தைய பத்தாண்டுகளில் விவசாயிக்குப் பஞ்சமிருந்ததில்லை. மாவோ நடத்திய பண்பாட்டுப் புரட்சிக் காலத்துப் (1966–76) படங்களில் எங்கும் விவசாயிகளே. எல்லோரும் சிவந்த கன்னத்தோடு ஒளிவீசினார்கள். ‘சிவப்பு, வெளிச்சம், பளபளப்பு’ என்பதே அன்றைய இலக்கணம். 1978இல் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கிராமிய ஓவியங்களின் கண்காட்சி சீனாவுக்கு வந்தபோது, களைத்துப்போய் வயலில் உட்கார்ந்திருப்பவரையும் வரையலாம் என்பதை இளம் ஓவியர்கள் நேரில் கண்டார்கள். அவர்களுள் ஒருவரான சென் டான்சிங் 1980இல் தம் பட்டப்படிப்புக்காக வரைந்த ஏழு திபெத்திய ஓவியங்களில் அந்தப் பாதிப்பை எளிதில் காணலாம். அளவில் சிறியவை அவை. யாரும் எதையும் சாதிக்காமல், சும்மா நின்றுகொண்டிருக்கும் மனிதர்களின் படங்கள்.

பிறகு வந்தவர்களிடம்தான் எனக்கு மனத்தாங்கல். ஷான்டோங் மாகாணத்தின் யீமெங் மலைப் பகுதியில் பிறந்த ஓவியர் வாங் யீதோங்கை எடுத்துக்கொள்கிறேன். கைத்திறனில் அவரைக் குறை சொல்ல இயலாது. சிவப்புப் பஞ்சுச் சட்டையணிந்த மணப்பெண், கறுப்புடையில் முதியவர்கள், வெண்பனி என்று மூன்றே நிறங்களில் ஒரு கிராமத்துத் திருமணத்தை அவரால் நிறுத்திக்காட்ட முடிகிறது. பஞ்சு திணித்த துணியின் கனத்தைக் கண்ணாலேயே தொட்டுவிடலாம். மறைந்துவரும் சடங்குகளையும் உடைகளையும் இவை காத்து வைக்கின்றன என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த மணப்பெண்களின் கைகளைப் பாருங்கள். மலைக் கிராமத்தில் வளர்ந்த பெண்ணின் கைகளா அவை? துணி சுற்றிய விரல் ஒன்றாவது அங்கே உண்டா? அன்று பேனா செய்த வேலையை இங்கே சிவப்புப் பட்டின் மினுமினுப்பு செய்கிறது. ஒரு வேறுபாடு, பேனாவை வைக்கச் சொன்னவர் பெயர் நமக்குத் தெரியும். கைகளைக் கழுவி வரையச் சொன்னவர் யாரென்று தெரியாது. அப்படி ஒருவர் தேவைப்பட்டிருக்கவும் மாட்டார், வாங்கிச் சுவரில் மாட்டுபவரின் விருப்பமே போதும்.

லுவோ ஜோங்லியும் அந்த நுணுக்க முறையில் நெடுநாள் நிற்கவில்லை. தாபா மலை மக்களைத் தொடர்ந்து வரைந்தாலும் தடித்த, முரட்டுத் தூரிகைக் கோடுகளுக்குப் போய்விட்டார்.

நாட்டார் மரபை வரைபவர்களுக்குப் புத்தாண்டு இரவு மிகப் பிடித்த பொருள்: கதவில் ஒட்டிய சிவப்புத் தாள்கள், விளக்குகள், பட்டாசு, ஆவி பறக்கும் உணவு. எருக்காவல் இருந்தவர் நின்றதும் அதே இரவில்தான். அவருக்குப் பின்னாலிருந்த வீடுகளின் கதவுகளிலும் சிவப்புத் தாள்கள் இருந்திருக்கும். அந்தக் கதவும் அந்த மனிதரும் ஒரே சட்டத்துக்குள் வரும் ஓவியம் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.