வாட் கணக்கை அச்சடிக்க இடமிருக்கிறது, எச்சரிக்கைக்கு இடமில்லையா?

தெரிந்தவர் மகள் ஒருத்தி, பள்ளியில் படிப்பவள், நேற்று ஒரு சின்ன டப்பாவை என் மேசையில் வைத்தாள். உள்ளே பிஏஎம் 8403 சிப் வைத்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் போர்டு, அதாவது ஒலியைப் பெருக்கி இரண்டு ஸ்பீக்கர்களுக்குக் கொடுப்பது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. சிப்பின் முதுகில் பழுப்பாக ஒரு கொப்புளம். "நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் அங்கிள், எனக்கு இதெல்லாம் வராது போல" என்றாள். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. தப்பு அவளுடையது இல்லை.

அவள் செய்தது இதுதான். இரண்டு ஸ்பீக்கர்களின் மைனஸ் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி, கிரவுண்டில் (சப்ளையின் மைனஸ் முனையில்) சால்டர் செய்திருக்கிறாள். மூன்று கம்பியில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஹெட்போன் ஜாக்கில் இடது, வலது, பொது என்று மூன்றுதானே இருக்கிறது? பழைய டேப் ரிக்கார்டரைத் திறந்து பார்த்தாலும் ஸ்பீக்கரின் ஒரு முனை பெரும்பாலும் கிரவுண்டில்தான் இருக்கும். பல வருஷத்துக்கு முன்னால் நானும் இதையே செய்து இதே மாதிரி ஒரு போர்டைக் கருக்கினேன்.

இந்தச் சிப்பில் மைனஸ் என்று எழுதியிருப்பது மைனஸே இல்லை. அதுவும் ஓர் அவுட்புட். பிளஸ் முனை ஒரு பக்கம் இழுக்கும்போது மைனஸ் முனை எதிர்ப்பக்கம் தள்ளும். இரண்டுக்கும் நடுவில்தான் ஸ்பீக்கர். 5 வோல்ட் கொடுத்து, பாட்டு எதுவும் ஓடாதபோது மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பிளஸ் முனையிலிருந்து கிரவுண்டுக்குச் சுமார் 2.5 வோல்ட் காட்டும். மைனஸ் முனையிலிருந்து கிரவுண்டுக்கும் அதே சுமார் 2.5 வோல்ட். அந்த முனையைக் கிரவுண்டோடு சேர்த்தால் அது நேரடியான ஷார்ட். இதைச் சொல்ல எத்தனை எழுத்து வேண்டும்? "மைனஸைச் சேர்க்காதே" என்று இரண்டே சொல். போர்டின் பின்பக்கம் முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. அங்கே ஒரு வரி அச்சடித்தால் மை தீர்ந்துவிடுமா?

ஆனால் வாட் கணக்குக்கு மட்டும் எப்போதும் இடமுண்டு. 3+3 வாட் என்று விற்பனைப் படத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்த ஸ்பீக்கரில், எத்தனை வோல்ட்டில், ஒலி எவ்வளவு சிதைந்த நிலையில் என்று ஒரு வார்த்தை இருக்காது. சிப்பைத் தயாரித்தவர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட் இதில் நேர்மையாக இருக்கிறது. 5 வோல்ட், 4 ஓம் ஸ்பீக்கர், 10 சதவீதச் சிதைவு என்று தெளிவாகச் சொல்கிறது. 10 சதவீதச் சிதைவு என்றால் பாடுபவர் குரல் கரகரத்துக் கிழியும். அதை யாரும் பாட்டு என்று கேட்கமாட்டார்கள். கணக்கும் ஒன்றும் கஷ்டமில்லை. 5 வோல்ட்டை அதனாலேயே பெருக்கினால் 25. அதை ஸ்பீக்கர் ஓமின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 4 ஓமுக்கு 3.1 வாட், 8 ஓமுக்கு 1.5 வாட் சொச்சம். சிப்பில் துளி இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டால்கூடச் சிதையாத ஒலிக்கு இதுதான் உச்சம், நிஜத்தில் கிடைப்பது அதற்கும் கீழேதான். வீட்டில் கிடக்கும் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டிவிட்டு "சத்தமே வரலியே" என்று வால்யூம் குமிழை முறுக்கிக்கொண்டிருப்பவரிடம் இதை யார் சொல்வது?

பெரிய போர்டுகளிலும் இதே கதைதான். டிபிஏ 3116 சிப் போட்டுவிட்டு 50+50 வாட் என்கிறார்கள். அந்த 50 வாட் 21 வோல்ட் கொடுத்தால் கிடைப்பது. வாங்குபவர் கையில் இருப்பது 12 வோல்ட் அடாப்டர். மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 4 ஓமில் சிதையாத ஒலி 18 வாட்டைத் தாண்ட வழியே இல்லை.

அப்புறம் இந்த இரைச்சல். ஆம்ப்ளிஃபயர் போர்டையும் ப்ளூடூத் மாட்யூலையும் ஒரே 5 வோல்ட்டில் மாட்டிப் பாருங்கள். பாட்டு நின்ற இடத்தில் கொசு காதருகே சுற்றுவதுபோல ஒரு ரீங்காரம், நடுநடுவே டிக் டிக் என்று ஒரு சத்தம். நான் இரண்டு நாள் இதோடு மல்லுக்கட்டினேன். கம்பியைச் சுருக்கினேன், ஷீல்டு கம்பி போட்டேன், சால்டரையெல்லாம் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். கடைசியில் பார்த்தால், இரண்டுக்கும் கிரவுண்ட் ஒன்றாக இருப்பதுதான் வினை. ப்ளூடூத் மாட்யூல் விட்டுவிட்டு இழுக்கும் மின்சாரம் அந்தக் கிரவுண்ட் வழியாக ஓடி, ஆடியோவுக்குள் நுழைந்துவிடுகிறது. பி0505எஸ் என்ற நாலு கால் ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி (உள்ளே வரும் 5 வோல்ட்டுக்கும் வெளியே போகும் 5 வோல்ட்டுக்கும் நேரடிக் கம்பித் தொடர்பு இல்லாதது) ப்ளூடூத்துக்கு மட்டும் தனி சப்ளை கொடுத்தேன். ரீங்காரம் நின்றே போனது. இரண்டு போர்டையும் ஜோடியாக ஒரே பையில் போட்டு விற்கிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சட்டென்று கொடுக்கும் கெபாசிட்டர் விஷயத்திலும் இப்படித்தான் கையை விரிக்கிறார்கள். பேஸ் அடிக்கும்போது சிப் சட்டென்று நிறைய மின்சாரம் கேட்கும். இரண்டு பக்கமும் 3 வாட் போனால் சப்ளையிலிருந்து 1.3 ஆம்பியர் அளவுக்கு வேண்டும். ஒல்லியான யூஎஸ்பி கம்பியில் அது வராது. டமாரம் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் வோல்ட்டேஜ் சரிந்து ப்ளூடூத் அணைந்து, மறுபடி "கனெக்டட்" என்று குரல் கொடுக்கும். சப்ளை முனையில் ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தபிறகுதான் எனக்குச் சரியானது. அதைப் போர்டிலேயே வைக்காததைக்கூட மன்னிக்கலாம். "வெளியே ஒன்று போடு" என்று சொல்லவாவது வேண்டாமா?

டேட்டாஷீட்டைப் படிக்க வேண்டியதுதானே என்று சிலர் கேட்பார்கள். சரி, படித்தேன். அது சிப்பைப் பற்றியது. இந்தப் போர்டில் எதை விட்டுவிட்டார்கள், எந்த ரெசிஸ்டரை மாற்றினார்கள் என்பது அதில் இருக்காது. போர்டின் சர்க்யூட் படத்தைக் கேட்டால் விற்பவரிடமிருந்து பதிலே வராது. அதோடு, முதல்முதலாக சால்டரிங் அயர்னைத் தொடும் பிள்ளைக்கு டேட்டாஷீட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. போர்டு எரிந்தால் அந்தப் பிள்ளை போர்டைக் குறை சொல்லாது, தன் கையைத்தான் குறை சொல்லும். எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

அந்தப் பெண்ணுக்கு என் பெட்டியிலிருந்த புதுப் போர்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் அதன் பின்பக்கத்தில் மார்க்கரால் எழுதினேன்: "5.5 வோல்ட்டுக்கு மேல் கூடாது. நாலு கம்பியும் தனித்தனி." இரண்டு வரிக்கும் தாராளமாக இடம் இருந்தது.