குலக்கல்வி என்று சொன்ன பெரியவருக்கு

எங்கள் மகளும் மகனும் பள்ளிக்கூடம் போவதில்லை. வீட்டில் படிக்கிறார்கள். அவளுக்கு 11 வயது, அவனுக்கு 8. மதுரையில் எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். எல்லோரிடமும் இதைப் பற்றி ஒரு கருத்தும் இருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், இலையில் சோறு விழுவதற்கு முன்பே பேச்சு ஆரம்பித்துவிடும்.

"ஏத்தா, புள்ளைகள வீட்லயே வச்சிருக்கியாமே, எதும் கொறையா?"

பொதுவாக நான் விளக்கம் சொல்வதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், என் அப்பாவோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். சமீபத்தில் எங்கள் எலக்ட்ரிக்கல் கடைக்கு ஒயர் வாங்க வந்திருந்தார். வேலை நாள், காலை நேரம். மகள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பில்களைக் கூட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ராஜாஜி கொண்டுவந்து காமராஜர் தூக்கிப் போட்டத நீங்க திரும்ப வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டீங்களேம்மா" என்றார். குலக்கல்வியைத்தான் சொன்னார்.

இத்தனை வருடத்தில் எங்கள் காதுக்கு வந்த குறைகளிலேயே மதித்துப் பதில் சொல்ல வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இதைச் சொன்னவர் ஊர்வாய்க்காகச் சொல்லவில்லை. வகுப்புக்கு வராத பிள்ளையைத் தேடிக் களத்துமேட்டுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நடந்தவர். என் அப்பாவும் அப்படி நடந்தவர்தான். எங்கள் அப்பத்தா கைநாட்டு. அப்பா உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில், மதியச் சோறு கிடைக்கும் என்பதால் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பையன். காமராஜர் 1956-இல் தொடங்கிய அந்த மதிய உணவு இல்லையென்றால் அப்பா தலைமையாசிரியர் ஆகியிருக்க மாட்டார், நானும் பி.காம். படித்திருக்க மாட்டேன். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் தன் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறாள் என்றால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். வர வேண்டும்.

ஆனால் குலக்கல்வி என்றால் என்னவென்று நினைவுபடுத்திக்கொள்வோம். 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை நாளைக்கு 3 மணி நேரமாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலைப் பிள்ளை கற்க வேண்டும். துணி வெளுப்பவர் மகன் துணி வெளுக்க, முடி திருத்துபவர் மகன் கத்தி பிடிக்க. பெரியார் கொதித்ததும் ஊர் ஊராக எதிர்ப்பு எழுந்ததும் அதனால்தான். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதில் இருந்த அநியாயம், பிள்ளை வீட்டில் இருந்தது மட்டுமில்லை. பிறந்த வீட்டைப் பார்த்து அரசாங்கம் அந்தப் பிள்ளையின் எல்லையைக் கிழித்ததுதான். இன்னார் மகனுக்கு இவ்வளவு படிப்பு போதும் என்று வேறு யாரோ முடிவு செய்தார்கள்.

என் மகள் கடையில் உட்கார்வது தினமும் கொஞ்ச நேரம். சதவீதமும் ஜிஎஸ்டியும் கணக்குப் புத்தகத்தில் வருவதற்கு முன்பே அவளுக்குக் கடையில் வந்துவிட்டது, அதனால் அங்கே உட்கார்கிறாள். கடையை நடத்துவதற்காக அவளை யாரும் வளர்க்கவில்லை. அவளுக்கு இப்போதைய ஆசை தொல்லியல். 2023-இல் கீழடி அருங்காட்சியகம் திறந்த புதிதில் கூட்டிப் போனோம். பானை ஓட்டில் 'குவிரன் ஆதன்' என்ற பெயர் கீறியிருப்பதைப் பார்த்ததிலிருந்து, தமிழின் பழைய எழுத்தான தமிழி அவளைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து எழுத்து அட்டவணை ஒன்றை எழுதி, எங்கள் எல்லோர் பெயரையும் தமிழியில் எழுதினாள். அப்புறம் மாங்குளம் போக வேண்டும் என்றாள். அந்த மலைக் குகையில், நெடுஞ்செழியன் காலத்தில் சமண முனிவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. ஏறுவது கொஞ்சம் கஷ்டம். மேலே நின்று எழுத்து எழுத்தாகக் கூட்டி அந்த முனிவர் பெயரை 'கணிய் நந்த' என்று வாசித்தாள். பாண்டியர் வரலாறு, சமணம், பாறை வகை, பிராகிருதம் என்றால் என்ன, எதற்காக முனிவருக்குக் கல்படுக்கை வெட்டிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விகள் அங்கிருந்து கிளம்பின. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனோம், தேடினோம். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பாடப் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டோம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சமச்சீர்ப் புத்தகங்களை வரிசையாகத்தான் படிக்கிறோம். அறிவியல் புத்தகங்கள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன, சோதனைகளை வீட்டில் செய்து பார்க்க முடிகிறது. கணக்கு நான், ஆங்கிலம் என் கணவர், தமிழ் அப்பா. அப்பா வாரம் இரண்டு நாள் பேருந்து ஏறி வந்து இலக்கணம் நடத்துகிறார். அவருக்கு இதில் முழுச் சம்மதம் இன்னும் இல்லை. ஆனாலும் வருகிறார்.

எதற்காக நிறுத்தினோம்? எல்லோரும் ஏதோ பெரிய காரணத்தை எதிர்பார்க்கிறார்கள். குறை ஒன்றும் இல்லை. மகள் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்தாள். நான்கு மணிக்கு வேன் வரும், ஐந்து மணிக்கு ட்யூஷன், ஏழரைக்கு மேல் வீட்டுப்பாடம். தூக்கத்தில் கண் சொருகச் சொருக, கேள்வி பதிலை மூன்று தடவை எழுத வேண்டும். காலையில் வயிறு வலிக்கிறது என்பாள், ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. சின்ன வயதில் வாய் ஓயாமல் ஏன் ஏன் என்று கேட்ட பிள்ளை, அந்த வருடம் கேட்பதையே விட்டுவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. குறையுள்ள பிள்ளைதான் வீட்டில் படிக்கும் என்ற எண்ணம் எனக்கு இரண்டு வகையில் வலிக்கிறது. என் பிள்ளையை அப்படிப் பார்க்கிறார்கள். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே வைப்பதை இயல்பென்றும் நினைக்கிறார்கள்.

அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கலாமே என்று அந்தப் பெரியவரும் கேட்டார், அப்பாவும் கேட்டார். சேர்த்திருக்கலாம். நாங்கள் அதைப் பேசினோம். பழையபடி கேள்வி கேட்கும் பிள்ளையாக அவள் திரும்பக் கொஞ்ச நாள் ஆகட்டும் என்று ஒரு வருடம் வீட்டில் வைத்தோம். அந்த ஒரு வருடத்தில் கேள்விகள் திரும்பி வந்தன. அதனால் தொடர்கிறோம்.

நாலு பேரோடு பழக வராது என்று சொல்கிறவர்களுக்கு அதிகம் எழுத விரும்பவில்லை. சாயங்காலம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் சிலம்பம் கற்கும் பிள்ளைகளில் யார் பள்ளிக்குப் போகிறவர், யார் போகாதவர் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் இதே கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதுதான் முக்கியம். யாரோடு பழகுகிறார்கள்? எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் பள்ளிக்கூடம். தென்மாவட்டங்களில் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வகுப்புக்கு வருகிற காலம் இது. நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். ஒன்றாக உட்கார்ந்து படிப்பதன் அருமை இப்போது இன்னும் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. என் பிள்ளைகள் எங்கள் சொந்தபந்தத்துக்குள்ளேயே வளர்ந்தால் அவர்களுக்கு நான் செய்வது கெடுதல்தான். இதை நான் தினமும் யோசிக்கிறேன். நாங்கள் விட்டுவந்த தனியார் பள்ளியிலும் அந்தக் கலப்பு இல்லை என்பது உண்மை. கட்டணமே ஆட்களைப் பிரித்துவிடுகிறது. ஆனால் அதைச் சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை.

2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகப் பதிந்தேன். சாயங்காலம் எங்கள் வீட்டு முன்வாசலில் தெருப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளை, ஆட்டோ ஓட்டுபவர் வீட்டுப் பிள்ளை, தெற்குவாசல் பக்கமிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்த முஸ்லிம் வீட்டு அக்கா தங்கை எல்லோரும் வந்தார்கள். கொரோனாவில் எழுத்து மறந்துபோன பிள்ளைகள். என் பிள்ளைகளும் அதே பாயில் உட்கார்ந்தார்கள். அதில் வந்த நட்பு இன்னும் தொடர்கிறது, அவர்கள் வீட்டு ரம்ஜானுக்கும் கோயில் கொடைக்கும் எங்கள் பிள்ளைகள் போகிறார்கள். பள்ளி தரும் கலப்புக்கு இது ஈடாகுமா என்றால் முழுக்க ஆகாது. ஆனால் பிள்ளையை வீட்டில் படிக்கவைக்க முடிவு செய்கிறவர்களுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவைக்கும் கடமை மற்றவர்களைவிட அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

பள்ளிக்கூடம் ஒரு ஜெயில், தொழிற்சாலை என்று பேசும் வீட்டுக்கல்விக்காரர்களோடு எனக்கு ஒட்டவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று நம்ம ஊர் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. காலையில் அந்தத் தட்டில் விழும் உப்புமாவுக்காகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா விடியற்காலை பூ மார்க்கெட்டிலோ வீட்டு வேலையிலோ இருப்பார். அவரிடம் போய் வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். எனக்கு ஒரு பட்டம் இருக்கிறது, வீட்டிலிருந்தே கணக்கு எழுதிச் சம்பாதிக்கும் வேலை இருக்கிறது, கூட நிற்கும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அப்பாவும் இருக்கிறார்கள். இத்தனையும் சேர்ந்தால்தான் இது நடக்கிறது. இதை எல்லோருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

நாங்கள் இழப்பதும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்திருந்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு என் மகள் தகுதி பெறுவாள். கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். வீட்டில் படிக்கும் வரை இரண்டும் கிடையாது. அவை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானவை, அவர்களுக்கே போகட்டும். தேர்வுக்கு வழி இருக்கிறது. 1989-இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். குறைந்தது 5 பாடம், எழுதி முடிக்க 5 வருட அவகாசம், வருடத்துக்கு இரண்டு தடவை பொதுத்தேர்வு. மாநிலப் பாடத்திட்டத்திலேயே தனித்தேர்வராக எழுதும் வழியும் உண்டு. எது வேண்டும் என்று அவள் அப்போது முடிவு செய்வாள்.

சட்டத்துக்கு வருகிறேன். 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. வீட்டுக்கல்வியைப் பற்றி அந்தச் சட்டம் எங்கேயும் பேசவில்லை. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனையும் சொல்லப்படவில்லை. அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பள்ளிக்கு வராமல் இருந்த பிள்ளை எப்போது வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது. என் பிள்ளைகள் நாளைக்கே போகிறேன் என்றால் கதவு திறந்திருக்கிறது. இந்தத் தெளிவில்லாத நிலை எங்களுக்கு வசதி என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக எங்கள் வீட்டுக்கு ஓர் ஆசிரியை வந்தார். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்ணான எமிஸ் எண்ணை வைத்துத் தேடி வந்திருந்தார். எங்கள் பகுதியில் சிலர் இதை அவமானமாக நினைப்பார்கள், வாசலிலேயே ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். மகனை வாசிக்கச் சொன்னார், வாசித்தான். மகளிடம் பின்னக் கணக்கு ஒன்று கொடுத்தார். நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் அவருக்கு ஒரு சிக்கல். அவர் கையிலிருந்த படிவத்தில் எங்களை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. இடைநின்றவர், குழந்தைத் தொழிலாளர், இடம்பெயர்ந்தவர் என்று காரணங்கள் இருந்தன, எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் 'இடைநின்றவர்' என்று எழுதிக்கொண்டு, மனசு வருந்தி என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

அவர் வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை, இன்னும் அடிக்கடி வர வேண்டும். ஏனென்றால் வீட்டுக்கல்வி என்ற பெயரைச் சொல்லிப் பெண்பிள்ளையை அடுப்படியில் நிறுத்துகிறவர்கள் வரலாம். பதினாறு வயதில் கல்யாணம் பேசும் வீடும், மில்லுக்கு அனுப்பும் வீடும் இதே பதிலைச் சொல்லலாம். அந்தப் பிள்ளையையும் என் மகளையும் பிரித்துப் பார்க்க அரசிடம் இன்று ஒரு வழியும் இல்லை. அதனால்தான் எங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பள்ளிக் கல்வித் துறைக்கு என் கோரிக்கை இதுதான். வீட்டில் படிக்கும் பிள்ளைகளை முறையாகப் பதிவு செய்யுங்கள். வருடத்துக்கு ஒரு முறை வட்டார வள மையத்துக்கு எங்களை வரச் சொல்லுங்கள். பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் பேசுங்கள். படிக்கிறாயா, பிடித்திருக்கிறதா, பள்ளிக்குப் போக ஆசையா என்று கேளுங்கள். போக ஆசை என்று சொன்னால், பெற்றோர் என்ன சொன்னாலும், அந்த வாரமே சேருங்கள். என் பிள்ளைகள் சொன்னாலும் அப்படித்தான். இதற்கு ஒத்துக்கொள்ளாத பெற்றோரை வீட்டுக்கல்விப் பெற்றோர் என்று நானும் சொல்ல மாட்டேன். அடுத்த கணக்கெடுப்புப் படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம் சேருங்கள், அந்த ஆசிரியை மாதிரி தேடி வருகிறவர்களுக்கு உண்மையை எழுத ஓர் இடம் வேண்டும்.