20×50 பைனாகுலர் குறித்து ஒரு திருத்தம்

"உருப்பெருக்கம் கூடினால் பறவை தெளிவாகத் தெரியும், ஆகவே வேடந்தாங்கலுக்கு 8×42 வேண்டாம், 20×50 வாங்குங்கள்" என்று ஒருவர் எழுதியிருப்பது புதிதாக வாங்குபவர்களைத் தவறான பொருளுக்கு இட்டுச்செல்லும். இந்த எண்களில் முதலாவது உருப்பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம் (மி.மீ.). முதல் எண் உருவத்தை மட்டுமன்றி நம் கையின் நடுக்கத்தையும் அதே அளவுக்குப் பெருக்கிக் காட்டுவதால், முக்காலியில் பொருத்தாத 20 மடங்குக் கருவியில் நாரையின் அலகு கூட நிலையாக நிற்பதில்லை.

வெளிச்சக் கணக்கையும் பார்க்க வேண்டும். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 8×42க்கு 5.25 மி.மீ., 20×50க்கு வெறும் 2.5 மி.மீ. பறவைகள் மிகுதியாக நடமாடும் விடியற்காலையிலும் அந்தியிலும் நம் கண்பாவை விரிந்திருக்கும், 2.5 மி.மீ. கற்றை அதை நிரப்பாது என்பதால், பெரிய கண்ணாடி கொண்ட 20×50 கருவியில்தான் அப்போது காட்சி மங்கலாகத் தெரியும் (கடையில் பகல் வெளிச்சத்தில் சோதிப்பவருக்கு இது புலப்படாது). பார்வைப்பரப்பும் குறுகிவிடுவதால், கிளைக்குக் கிளை தாவும் சிட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும்.

கோடியக்கரையின் சேற்றுப்பரப்பில் தொலைவில் மேயும் உள்ளான் பறவைகளைப் பிரித்தறிய 20 மடங்கு உதவும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முக்காலியில் நிறுத்திய ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) தேவை, கழுத்தில் தொங்கும் பைனாகுலர் அன்று.