கிழவிக்கு அந்தத் தொட்டியையாவது விட்டு வைத்திருக்கலாம்

மகளின் வீட்டுப்பாடத் தாளில் ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் தங்க மீன் கதையைச் சுருக்கிப் போட்டு, கீழே 'நீதி' என்று ஒரு கோடு இழுத்திருந்தார்கள். அவள் யோசிக்கவே இல்லை. 'பேராசை பெருநஷ்டம்' என்று எழுதிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை, ராத்திரி உட்கார்ந்து முழுக் கதையையும் மறுபடி படித்தேன்.

கடலோரத்தில் இடிந்துபோன மண்குடிசை, அதில் ஒரு கிழவனும் கிழவியும் 33 வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். அவன் வலை வீசுகிறான், அவள் நூல் நூற்கிறாள். ஒருநாள் முதல் வீச்சில் சேறு, இரண்டாவதில் கடற்பாசி, மூன்றாவதில் பேசுகிற தங்க மீன். என்னை விட்டுவிடு, கேட்டதைத் தருகிறேன் என்கிறது. கிழவன் எதுவும் கேட்காமல் கடலில் விட்டுவிட்டு வந்து, அதைப் பெண்டாட்டியிடம் வேறு சொல்கிறான்! அவள் திட்டுகிறாள், சரி. ஆனால் என்ன கேட்கச் சொல்லித் திட்டுகிறாள்? ஒரு மரத்தொட்டி. வீட்டில் இருப்பது உடைந்து கிடக்கிறது, அதற்குப் பதிலாக ஒன்று. அடுத்து ஒரு வீடு. 33 வருஷம் அந்தக் குடிசையில் இருந்தவள் வீடு கேட்டதற்குப் பேராசை என்று பேர் வைத்தால், நம்மில் ஹோம் லோன் வாங்கிய அத்தனை பேரையும் என்ன சொல்வது?

அப்புறம்தான் விஷயம் கெடுகிறது. மூன்றாவதாகச் சீமாட்டி ஆக வேண்டும் என்கிறாள். ஆகிறாள். ரோமச் சட்டை, கழுத்தை அழுத்துகிற முத்துமாலை, சிவப்பு பூட்ஸ் எல்லாம் வருகிறது, வந்த கையோடு வேலைக்காரர்களின் முன்மயிரைப் பிடித்து இழுத்து அடிக்கிறாள், கட்டின புருஷனைக் குதிரை லாயத்துக்கு வேலைக்கு அனுப்புகிறாள். புஷ்கின் இதை எழுதியது 1833 இலையுதிர் காலத்தில், போல்தினோ என்ற தங்கள் குடும்பப் பண்ணையில். அங்கேயும் பண்ணையடிமைகள் இருந்தார்கள். ரஷ்யாவில் பண்ணையடிமை முறையை ஒழித்தது 1861இல்தான். ஆகவே அந்த முன்மயிர் விஷயம் கற்பனையில் பிறந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

ராணியாக்கு என்று அவள் கேட்டபோது மட்டும் கிழவன் 'ஊமத்தங்காய் தின்னுட்டியா' என்கிற தோரணையில் ஒரு வார்த்தை கேட்கிறான். கன்னத்தில் அறை விழுகிறது. அதோடு சரி, கடைசி ஆசையைக் கேட்கப் போகும்போது வாயே திறக்கவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், அரண்மனைக் காவலர்கள் கோடாலியை ஓங்கிக்கொண்டு அவனைத் துரத்தும்போது ஊர் சனம் சிரிப்பது அவனைப் பார்த்துத்தான்.

மீனைக் கவனியுங்கள். தொட்டி, வீடு, சீமாட்டிப் பட்டம், ராணிப் பட்டம், நாலுக்கும் 'கவலைப்படாதே, போய் வா' என்று தன்மையாகத்தான் பேசி அனுப்புகிறது. கடல் மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது, லேசாக அலையடித்தது, கலங்குகிறது, கொந்தளிக்கிறது, கறுக்கிறது. ஆனால் கேட்டது அதிகம் என்று மீன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அரண்மனையையே கொடுத்த மீனுக்கு அளவு ஒரு பிரச்சினையா? ஐந்தாவதாகக் கிழவி கேட்பது வேறு சாமான்: கடலுக்கே அரசியாக வேண்டும், தங்க மீன் எனக்கு எடுபிடியாக வேண்டும். அதுவரை வாங்கிக்கொண்டிருந்தவள், கொடுக்கிறவளையே கைக்குள் போடப் பார்க்கிறாள். மீன் பதில் சொல்லவில்லை, சாபம் கொடுக்கவில்லை, வாலால் தண்ணீரைத் தட்டிவிட்டு ஆழத்துக்குப் போய்விட்டது.

கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுப்பிலும் இதே மாதிரி ஒரு ஜெர்மன் கதை உண்டு. அதில் மீனவன் பெண்டாட்டி அரசி, பேரரசி, போப் என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் கடவுளாக ஆசைப்படுகிறாள். புஷ்கினின் கையெழுத்துப் பிரதியிலும் போப் கட்டம் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார். கடவுள் ஆசைக்குப் பதிலாக இந்த எடுபிடி ஆசையை வைத்தார் பாருங்கள், எனக்கு அதுதான் கதை. கடவுளாக ஆசைப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை, உதவி செய்தவரையே ஏவத் தொடங்குகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன், சில நாள் கண்ணாடியிலும்.

ஒரே ஒரு மனக்குறை. கிழவன் திரும்பி வரும்போது அதே குடிசை, வாசற்படியில் கிழவி, அவள் முன்னால் உடைந்த தொட்டி. எல்லாம் இழந்து நிற்பதை 'உடைந்த தொட்டியோடு மிஞ்சினான்' என்று ரஷ்யர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அரண்மனை போகட்டும், முத்துமாலை போகட்டும், அதெல்லாம் நியாயம். தொட்டி என்ன பாவம் செய்தது? யாரையும் அடிக்காத காலத்தில், துணி துவைக்கக் கேட்ட தொட்டி அது.